திங்கட்கிழமை மவுசு

திங்கட்கிழமை இரவு பாட்டுக் கேட்க யார் வெளியே கிளம்புவார்கள்? வானொலியில் எங்களுக்கே அன்று கொஞ்சம் மந்தம்தான்.

நியூயார்க்கின் கிரினிச் வில்லேஜில் கிளம்புகிறார்கள். அங்கே படியிறங்கிப் போகும் ஒரு நிலவறையில் 1935 முதல் இருக்கிறது வில்லேஜ் வேன்கார்ட் ஜாஸ் கிளப். நூற்றிருபது பேர் வந்தாலே நிறைந்துவிடும். 1966 பிப்ரவரியில் தாட் ஜோன்ஸ், மெல் லூயிஸ் இருவரும் தங்கள் பெரிய வாத்தியக் குழுவோடு அங்கே திங்கள்தோறும் வாசிக்கத் தொடங்கினார்கள். குழுவில் பலர் ஸ்டூடியோக்களில் அடுத்தவர் பாட்டுக்கு வாசித்துப் பிழைத்தவர்கள். திங்கள் இரவுதான் ஓய்வு. அதையும் வாசிப்பதற்கே கொடுத்தார்கள். ஆசைப்பட்டதை வாசிக்க வேறு நாள் ஏது!

பின்னாளில் ஜோன்ஸ் டென்மார்க் போய்விட்டார். லூயிஸ் 1990-இல் காலமானார். குழுவின் பெயர்கூட வேன்கார்ட் ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ரா என்று மாறியது. கோவிட் காலத்தில் கிளப்பே மூடிக் கிடந்தது. திறந்தபின் திங்கட்கிழமையும் திரும்பி வந்தது.

கல்யாண விருந்துகளில் கீபோர்டு வாசிக்கும் ஒரு தம்பியிடம் இதைச் சொன்னேன். இப்போதெல்லாம் பல விருந்துகளில் அவர் வேலையைப் பென்டிரைவ் பார்த்துக்கொள்கிறது. கொஞ்ச நேரம் பேசவில்லை.

“மாசம் ஒரு கல்யாணம்னா விரலே மறந்துடுதுக்கா. வாராவாரம் வாசிக்க ஒரு மூலை கிடைச்சா போதும். திங்கட்கிழமையா இருந்தாலும் சரி” என்றார்.