மூளைக்கும் முத்திரையா?

"அவனுக்கு மூளை இருக்கிறது, தேறிவிட்டான்! இவனுக்கு இல்லை, தோற்றுவிட்டான்!"

தேர்வு முடிவு வந்த மறுநாள், ஆழ்வார்குறிச்சித் தேநீர்க் கடையிலே தீர்ப்பு இவ்வளவு எளிதாக வழங்கப்படுகிறது. மேல்முறையீடு கிடையாது. ஏனெனில் தேர்வின் பெயரே மனத்திறன் தேர்வு! மனத்தையே அளந்துவிட்டார்களாம், இனி வாதாட என்ன இருக்கிறது?

இருக்கிறது தோழர்களே, நிரம்ப இருக்கிறது.

எட்டாம் வகுப்பிலே பயிலும் ஏழைச் சிறார்க்கென, மத்திய அரசு 2008இல் தொடங்கிய படிப்பு உதவித்தொகைத் திட்டத்தின் தேர்வு அது. மனத்திறனுக்கு 90 வினா. படிப்பறிவுக்கு 90 வினா. தேர்ந்தெடுக்கப்பட்டால், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். மாதம் ஆயிரம்! மாளிகைவாசிக்கு அது ஒரு வேளை விருந்துச் செலவு. விடியுமுன் எழுந்து பீடி சுற்றும் தாய்க்கோ, மகளின் படிப்பை நிறுத்தாதிருக்க ஒரு காரணம்.

மாலை வேளையில் சில பிள்ளைகளுக்கு நாம் இவ்வினாக்களில் பயிற்சி தருகிறோம். கண்டதைக் கூறுகிறோம், கேளுங்கள்.

ஒரு சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றிக் குறியீடாக்கியிருப்பர். அதன் விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்தோ ஆங்கில எழுத்து. முதல் நாள் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணினர். பாதியிலே வழி தவறி விழித்தனர். ஈ, ஜே, ஓ, டீ, ஒய் ஆகிய ஐந்தும் முறையே 5, 10, 15, 20, 25ஆம் இடத்தில் நிற்பவை. அவற்றை மைல்கல்லாக வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் எண்ணுங்கள் என்றோம். இரண்டே வாரம்! தடுமாறியவர்கள் தயங்காமல் விடை கூறுகின்றனர். இரண்டு வாரத்திலே புது மூளை முளைத்ததா? பிறவியிலே கிடைக்காதது பிற்பகலிலே கிடைத்துவிட்டதா? கிடைத்தது மூளையன்று, வழி! படித்த தந்தையுள்ள வீட்டிலே அந்த வழி இரவுச் சோற்றோடு பரிமாறப்படுகிறது. படிக்காத தாயின் பிள்ளை அதற்காகக் காத்திருக்கிறது.

இன்னொரு நாள். "தாயின் உடன்பிறந்தான் மகன் உனக்கு என்ன உறவு?" என்று கேட்டது பயிற்சிப் புத்தகம். "அத்தான்" என்றாள் ஒரு சிறுமி, சட்டென்று. விடைப்பட்டியலைப் புரட்டினோம். "சகோதரன்" என்றிருந்தது! சித்தப்பன் மகனுக்கும் மாமன் மகனுக்கும் ஆங்கிலத்தில் சொல் ஒன்றே. அதைத் தமிழாக்கியவர் உறவையே மாற்றிவிட்டார். நாமும் ஒரு நொடி சிரித்தோம், மறுநொடி நாணினோம். மாமன் மகனை மணப்பது இங்கே நெடுநாள் வழக்கம். அவ்வழக்கத்தை நாம் போற்றவில்லை. ஆனால், அவனைச் சகோதரன் என்று எழுதினால் அறிவாளி, அத்தான் என்று எழுதினால் அறிவிலி என்பது எந்த ஊர் நியாயம்?

"மேனாட்டார் கண்ட அறிவியல் முறையாயிற்றே!" என்பர் மேதாவிகள். ஆம், அவர்கள் கண்டதுதான். 1921இல் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்திலே காட்ஃபிரே தாம்சன் இத்தகைய தேர்வை அமைத்தார். கல்விச் சலுகைக்கு எவரையும் அனுப்பாத சிற்றூர்ப் பள்ளிகளிலே மறைந்து கிடக்கும் மாணவரைக் கண்டெடுப்பது அவர் நோக்கம். நல்ல நோக்கம்! பின்னர் அதே வகைத் தேர்வு, பதினொரு வயதுப் பிள்ளைகளைத் தரம் பிரித்துத் தனித்தனிப் பள்ளிக்குத் துரத்தும் கருவியாயிற்று. அறிவு பெரிதும் பிறவிச் சொத்து என்று அதற்குத் துணை பேசினார் சிரில் பர்ட். தனித்தனியே வளர்ந்த இரட்டையர் கணக்கைக் காட்டினார். 1955இல் 21 இணை. 1966இல் 53 இணை. இணைகள் பெருகின, 0.771 என்ற ஒப்புமை எண் மட்டும் இம்மியும் அசையவில்லை! 1970களில் லியோன் கேமின் போன்றோர் இதைச் சுட்டினர். பர்ட்டுக்காகப் பின்னர்ச் சிலர் வாதாடினர் எனினும், அந்த எண்களின் மீது விழுந்த கறை போகவில்லை.

மனிதருக்குள் வேறுபாடே இல்லை என்று நாம் கூறவில்லை. அந்த வேறுபாட்டை 90 வினா அளந்துவிட்டது என்பதையே மறுக்கிறோம். பிரமன் எழுதிய தலையெழுத்தைப் பொய்யென்று கண்ட நாம், மதிப்பெண் எழுதும் தலையெழுத்துக்கு மண்டியிடுவதா?

"அப்படியானால் ஏன் பயிற்சி தருகிறீர்? புறக்கணியுங்கள்!" என்கின்றனர் நம் தோழர் சிலர். புறக்கணிப்பு நமக்குப் பெருமை தரும். அச்சிறுமிக்கு நான்கு ஆண்டுக்குரிய 48,000 ரூபாயைத் தருமா? நம் கொள்கைக்கு அவள் பட்டினி கிடப்பதா? பூட்டு அநீதியானது என்று முழங்குவோம். முழங்கிக்கொண்டே சாவியையும் அவள் கையிலே கொடுப்போம்.

பள்ளியிற் சேர்க்கப் பிள்ளைகளை வடிகட்டலாகாது என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. மீறினால் முதன்முறை 25,000 ரூபாய் வரை தண்டம். வாசலிலே வடிகட்டுவது தவறென்றால், உதவித்தொகைக்கு வடிகட்டும்போது அதற்குரிய பயிற்சியைப் பள்ளி நேரத்திலேயே எல்லோர்க்கும் தருவதன்றோ முறை? வினாவைத் தமிழிலே சிந்தித்துத் தமிழிலே அமைப்பதன்றோ முறை? இவ்விரண்டையும் கேட்போம். கிடைக்கும்வரை, பட்டம் பெற்ற இளைஞர் ஒவ்வொருவரும் தம் தெருவிலே மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம்.

அடுத்த முடிவும் வரும். தேநீர்க் கடைத் தீர்ப்பும் வரும். "அவனுக்கு மூளை இல்லை" என்று எவரேனும் கூறினால், அமைதியாகக் கேளுங்கள்: "அவனுக்கு வழி சொல்லிக் கொடுத்தவர் யார்?"