பேணுதல் பிணியாகும்போது...

 

திண்டிவனத்திலிருந்து ஒரு தாய் இப்பகுதிக்கு நீண்ட மடல் ஒன்று வரைந்திருக்கிறார். விழுப்புரத்தில் பயிலும் அவருடைய மகனுக்கு வயது இருபத்தொன்று. ஐவேளை தொழுகை, கடையில் அத்தாவுக்கு உதவி, தங்கையோடு கேலியும் சிரிப்பும் என்று இருந்த பிள்ளை. நண்பர்கள் சிலரால் கட்டுப்பாடு மிகுந்த ஒரு குழுவில் சேர்ந்து ஓராண்டாகிறது. இப்போது ஒளுச் செய்ய அவனுக்கு அரைமணி நேரம் போதவில்லை. தக்பீர் கட்டிய கைகளை அவிழ்த்து மறுபடி மறுபடி கட்டுகிறான். கடைக்காக அத்தா வங்கியில் கடன் வாங்கியதால் வீட்டுச் சோற்றைத் தொட மறுக்கிறான். ஊர்ப் பள்ளி இமாமின் பின்னால் நிற்பதில்லை. இரவில் உறக்கமில்லை. தான் முனாஃபிக் ஆகிவிட்டதாகச் சொல்லி அழுகிறான். இது ஈமானின் வேகமா, அல்லது நோயா என்று அத்தாய் கேட்கிறார்.

பல இல்லங்களில் கேட்கப்படாமலே அடங்கிப்போகும் கேள்வி இது. பிள்ளை தீய வழியில் போனால் கண்டிக்க நாவெழும். தொழுகையிலும் நோன்பிலும் மிஞ்சிப்போனால் என்ன சொல்வது? தடுத்தால் மார்க்கத்தைத் தடுத்த பாவம் வந்துவிடுமோ என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்திலேயே பிள்ளையின் உடலும் உள்ளமும் நலிந்துவிடுகின்றன.

மார்க்கம் கேட்காத சுமை

இரவெல்லாம் தொழுவேன் என்று ஒருவரும், நாள்தோறும் நோன்பு நோற்பேன் என்று ஒருவரும், மணமே முடிக்கமாட்டேன் என்று ஒருவரும் உறுதி பூண்ட செய்தி நம் பெருமானார் (ஸல்) அவர்களை எட்டியது. அண்ணலார் அவர்களைப் பாராட்டவில்லை. இறையச்சத்தில் அனைவரினும் மேம்பட்ட தாமே தொழுவதோடு உறங்கவும் செய்வதாகவும், நோன்பு நோற்பதோடு அதை விடவும் செய்வதாகவும், மணவாழ்வு வாழ்வதாகவும் எடுத்துரைத்து, தம் வழியைப் புறக்கணிப்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவான நிகழ்ச்சி இது.

பள்ளிவாசலின் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருப்பதை ஒருமுறை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டார்கள். அன்னை ஸைனப் (ரலி) அவர்கள் நின்று தொழுது களைக்கும்போது பற்றிக்கொள்ளக் கட்டியது என்று தெரிந்ததும், அதை அவிழ்க்கச் சொல்லி, உற்சாகம் உள்ளவரை தொழுது, களைப்பு வந்தால் அமர்ந்துகொள்ளுமாறு அறிவுறுத்தினார்கள். கயிற்றைக் கட்டியது இறையன்பு. ஆயினும் அதை அவிழ்க்கச் சொன்னார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முனாஃபிக் ஆகிவிட்டேன் என்று அழுவோருக்கு ஹன்ளலா (ரலி) அவர்களின் வரலாறு மருந்தாகும். நபிகளாரின் அவையில் இருக்கையில் சுவனமும் நரகமும் கண்முன் நிற்பதாகவும், வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடும் தொழிலோடும் கலந்ததும் அந்நிலை மறைவதாகவும், ஆகவே தாம் நயவஞ்சகராகிவிட்டதாகவும் அவர் பதறினார். அண்ணலார் அவரைக் கடியவில்லை. அதற்கொரு நேரம், இதற்கொரு நேரம் என்று ஆறுதல் கூறினார்கள்.

வஸ்வாஸ் என்னும் பிணி

தண்ணீர் பட்டதா, நிய்யத் கூடியதா, வாயில் தவறான சொல் வந்துவிட்டதா என்று ஓயாமல் அரிக்கும் ஐயத்தை நம் முன்னோர் வஸ்வாஸ் என்றனர். சொல்லவும் கூசும் எண்ணங்கள் உள்ளத்தில் எழுவதாகத் தோழர்கள் சிலர் முறையிட்டபோது, அவற்றை அவர்கள் அவ்வளவு வெறுப்பதே ஈமானின் தெளிவான அடையாளம் என்று நபிகளார் தேற்றினார்கள். கி.பி. 1201-ல் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸி, வணக்கசாலிகளை ஷைத்தான் ஏமாற்றும் வழிகளைப் பற்றி எழுதிய நூலில், ஒளுவின் தண்ணீரிலும் நிய்யத்திலும் சிக்கி வக்தையே தவறவிடுவோரைக் கடுமையாகச் சாடுகிறார்.

அவருக்கும் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முன்னர், அபூஸைத் அல்பல்கீ (850-934) என்ற அறிஞர் உடல்நலம், உள்ளநலம் இரண்டையும் இணைத்து ஒரு நூல் செய்தார். கோபம், அச்சம், துயரம் ஆகியவற்றோடு, விடாது வந்து வருத்தும் எண்ணங்களையும் தனிப் பிணியாகக் கொண்டு அதற்குரிய வழிகளை அதில் விளக்கினார்.

இன்றைய மருத்துவம் இதனை எண்ணச் சுழற்சி நோய் என்கிறது. எல்லாச் சமயத்தாரிடமும், சமயமே இல்லாதோரிடமும் இது உண்டு. ஒருவர் கதவைப் பூட்டினோமா என்று பத்து முறை பார்ப்பார்; மற்றொருவர் தக்பீரைப் பத்து முறை கட்டுவார். பெரும்பாலும் வாலிபப் பருவத்திலோ அதற்கு முன்போ தொடங்கும். மருந்தாலும், ஐயம் எழுந்தபின்னும் திரும்பச் செய்யாமல் இருக்கப் பழக்கும் பயிற்சியாலும் பெருமளவு குறையும். கட்டுப்பாடு மிகுந்த குழுதான் இந்நோயைப் படைத்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் விதை விழுந்த மண்ணுக்கு ஓயாத அச்சம் நீர் பாய்ச்சுகிறது.

குழு செய்யும் வேலை

ஜமாஅத்தாக வாழ்வதும், நல்லோரோடு சேர்வதும், ஒழுக்கத்தில் உறுதியாக நிற்பதும் மனத்துக்கு வலிமை தருபவை. தொழுகையால் மது மறந்தவர்களும், பள்ளிவாசல் நட்பால் தனிமை தீர்ந்தவர்களும் நம்மிடையே உள்ளனர். எனவே தாடி வளர்த்தான், புர்கா அணிந்தாள் என்பதற்காக எவரையும் ஐயுற வேண்டாம்.

வேறுபாடு எங்கே என்பதற்கு அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன் 1961-ல் வெளியிட்ட ஆய்வு வழிகாட்டும். சீனாவில் மனமாற்றச் சிறைகளில் வதைபட்டு மீண்டோரைச் சந்தித்து அவர் எழுதியது அது. வெளியுலகச் செய்தியும் உறவும் தடுக்கப்படும். எவ்வளவு தூய்மையும் போதாது என்று சொல்லப்படும். குற்றங்களை ஓயாமல் ஒப்புக்கொள்ளச் செய்வர். கேள்வி எழுந்தால் ஆயத்தமான ஒரு சொல்லால் வாயை அடைப்பர். தம் கூட்டத்தார் மட்டுமே மனிதர் என்று நம்பவைப்பர். அது சமயக் குழுவே அன்று. ஆயினும் இக்குணங்கள் எந்தக் கொடியின் கீழும் முளைக்கும்.

1978-ல் கயானா நாட்டில் ஜிம் ஜோன்ஸ் என்ற கிறிஸ்தவ போதகரின் குடியிருப்பில் 900-க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் மாண்டனர். 2023-ல் கென்யாவின் ஷகாஹோலா காட்டில், பட்டினி கிடந்தால் இறைவனைச் சந்திக்கலாம் என்று ஒரு போதகரை நம்பிய 400-க்கும் மேற்பட்டோரின் உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன.

நம் மொழி பேசும் முஸ்லிம்களுக்கும் இக்காயம் பட்டிருக்கிறது. இலங்கையின் காத்தான்குடியைச் சேர்ந்த ஸஹ்ரான் ஹாஷிம், தாம் பயின்ற அரபுக் கல்லூரியோடு முரண்பட்டு வெளியேற்றப்பட்டவர். பின்னர் தனி அமைப்பு கண்டு, தம் கருத்தை ஏற்காத முஸ்லிம்களை வழிகேடர் என்று பேசிவந்தார். 2017 மார்ச்சில் சூஃபி வழியினரோடு நடந்த மோதலுக்குப் பின் தலைமறைவானார். அவரைப் பற்றி அவ்வூர் முஸ்லிம்களே அதிகாரிகளை எச்சரித்திருந்தனர். 2019 ஏப்ரல் 21-ல் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளில் 260-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஐந்து நாட்கள் கழித்துச் சாய்ந்தமருதில் சுற்றிவளைக்கப்பட்ட ஒரு வீட்டில் அவருடைய தந்தையும் சகோதரர்களும் வெடிவைத்து மாண்டனர். அங்கே இறந்த 15 பேரில் ஆறு பேர் குழந்தைகள்.

கண்டிப்பாக வாழும் பிள்ளைகள் எல்லாரும் அவ்வழி போவார்கள் என்று சொல்வது பெரும் அநியாயம். பெரும்பாலோர் வருத்துவது தம்மையும் தம் வீட்டாரையும் மட்டுமே. ஆயினும் அந்தப் பாதையின் முதற்படி, மற்ற முஸ்லிம்களைத் தாழ்வாகக் கண்டு உறவை அறுப்பதுதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

பெண்களும் குழந்தைகளும்

இத்தகைய குழுவில் ஆண் சேர்ந்தால் அதிகச் சுமை பெண்ணின் தோளில் ஏறுகிறது. தாய்வீடு செல்லத் தடை, தங்கை திருமணத்துக்குப் போகத் தடை, அண்டை வீட்டாரோடு பேசத் தடை. உறவைச் சேர்ந்து வாழ்வதை வணக்கமாகவே ஆக்கிய மார்க்கத்தின் பெயரால் உறவு துண்டிக்கப்படுகிறது. காரணமற்ற தலைவலி, படபடப்பு, எதிலும் பிடிப்பின்மை என்று அவள் உடல் முறையிடும்போது, ஈமானில் குறை என்று அவள் மீதே பழி விழுகிறது.

குழந்தைகளிடம் ரஹ்மானின் கருணையைச் சொல்லுமுன் கப்ரின் வேதனையைச் சொல்லாதீர்கள். இரவில் அலறி எழும் பிள்ளைக்குக் கிடைப்பது தக்வா அன்று, தீராத திகில்தான்.

செய்ய வேண்டியவை

முதலாவது, வாதத்தில் வெல்ல நினைக்காதீர்கள். ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களின் படையிலிருந்து காரிஜிய்யாக்கள் பிரிந்து நின்றபோது, இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தாமே அவர்களிடம் சென்றார்கள். முதலில் அவர்களுடைய குறைகளைக் கேட்டார்கள். பிறகே ஒவ்வொன்றாக மறுமொழி சொன்னார்கள். ஆயிரக்கணக்கானோர் திரும்பி வந்தனர். கேட்ட செவியே திருப்பிக் கொணர்ந்தது. உங்கள் மகனிடமும் முதலில் கேளுங்கள். கேலியும் சாபமும் குழுவின் பக்கமே அவனைத் தள்ளும்.

இரண்டாவது, அவன் சொல்வதில் நியாயம் இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். வட்டியை விட்டு விலக நினைப்பது சரிதான். அத்தாவும் மகனும் சேர்ந்து அமர்ந்து, அந்தக் கடனை எப்போது, எப்படி அடைப்பது என்று கணக்கிடுங்கள். அதற்காகத் தாயின் சோற்றைத் தள்ளுவது தவறு என்பதை நிதானமுள்ள ஓர் ஆலிமைக் கொண்டு உணர்த்துங்கள்.

மூன்றாவது, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலையிலேயே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரும் தொலைவில் இல்லை. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். நோயாளியின் செய்தியை மருத்துவர் இரகசியமாகக் காக்க வேண்டும் என்பது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் விதி. உறங்காமை, உண்ணாமை, ஓயாத கழுவுதல் ஆகியவை சில வாரங்கள் நீடித்தாலே போதும், தாமதிக்காதீர்கள். வாழ்வதில் பயனில்லை என்று பேசினால் அன்றே செல்லுங்கள், தனியே விடாதீர்கள்.

நான்காவது, கட்டிப்போடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடிக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் ஓட வழியின்றி 28 பேர் கருகி மாண்டனர். ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் நம் நம்பிக்கை. அவை மருந்துக்குத் துணை நிற்கட்டும். மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர் நம் நபிகள் (ஸல்) அவர்களே.

ஜமாஅத் பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கேள்வி கேட்கும் இளைஞனைப் பள்ளியிலிருந்து விரட்டினால், விடை வைத்திருப்பதாகச் சொல்லும் எவரும் அவனை அள்ளிக்கொள்வர். ஜும்ஆ மேடையில் ஆண்டுக்கு இரண்டு முறையேனும் மனநலம் பேசப்படட்டும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் ஈமானையும் உள்ளத்தையும் ஒருசேரக் காப்பானாக! நடுநிலை தவறாத சமுதாயமாக நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.