ரேடியோவை நம்பினவன் ஏமாளி இல்ல

ஏப்ரல் மாசம் பொறந்தா போதும், "ரேடியோவில் நடந்த சூப்பர் குறும்புகள்"னு ஏதாவது ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுத்த ஆரம்பிச்சுடும். நானும் படிப்பேன், சிரிப்பேன். ஆனா அந்தப் பட்டியல்கள்ல ஒரு விஷயம் எனக்கு ஒத்துவரல. குறும்பு பண்ணின அறிவிப்பாளரைக் கெட்டிக்காரர்னும், அதை நம்பின சனங்களை மண்டூகங்கள்னும் எழுதிடறாங்க. ஒரு விவசாயியா நான் அந்த மண்டூகங்க கட்சி. ஏன்னு சொல்றேன்.

1949 ஏப்ரல் 1. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம். அங்கே ஒன் இசட்பி என்ற ரேடியோ நிலையத்தில் பில் ஷோன்னு ஒரு அறிவிப்பாளர். ஒரு மைல் அகலத்துக்குக் குளவிக் கூட்டம் ஊரைப் பாத்து வருதுன்னு அறிவிச்சார். வேலைக்குப் போறவங்க பேன்ட் மேல சாக்ஸை இழுத்து விட்டுக்கங்க, வாசல்ல தேன் தடவின பொறி வைங்கன்னு யோசனையும் சொன்னார். நூத்துக்கணக்கான பேர் அப்படியே செஞ்சாங்க. அப்புறம்தான் எல்லாம் முட்டாள்கள் தின விளையாட்டுன்னு சொன்னார். அந்த நாட்டு ஒலிபரப்புத் துறையின் தலைவர் பேராசிரியர் ஷெல்லி சிரிக்கல, கண்டிச்சார். அதுக்கப்புறம் வருஷா வருஷம் ஏப்ரல் 1க்கு முன்னாடி, உண்மையை மட்டும்தான் சொல்லணும்னு நிலையங்களுக்குச் சுற்றறிக்கை போச்சு.

இதுல முட்டாள் யாரு? எங்க பக்கம் பனைமரத்துல கதண்டு கூடு கட்டும். கலைஞ்சா ஆளையே கொன்னுடும். தீயணைப்புக்காரங்களைக் கூப்பிட்டுத்தான் அழிப்போம். குளவி வருதுன்னு யாராவது கத்தினா, "ஆதாரம் எங்கே?"ன்னு கேட்டுக்கிட்டு நிக்கறவன் புத்திசாலி இல்லீங்க. தலையில துண்டைப் போத்திக்கிட்டு ஓடுறவன்தான் பொழைப்பான். ஆக்லாந்துல தேன் தடவி வெச்சவங்களும் அதைத்தான் செஞ்சாங்க.

ரேடியோ சொன்னா அதுபடி நடக்கறது எங்களுக்கு ஒரு பழக்கம். 1960கள்ல ஆடுதுறை 27 நெல் வந்தப்போ, திருச்சி வானொலி அதைப் பத்தி விடாம சொல்லிச்சு. அதைக் கேட்டுத்தான் தஞ்சாவூர் ஜில்லாவுல விதைச்சாங்க. அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்'னே பேர் வந்துடுச்சு. யோசிச்சுப் பாருங்க. பரம்பரையா போட்டு வந்த ரகத்தை விட்டுட்டு, கண்ணால பாக்காத ஒரு மனுஷன் குரலை நம்பி ஒரு போகத்தையே பணயம் வைக்கறது லேசான காரியமா? அந்த நம்பிக்கை சும்மா வரல. வருஷக்கணக்கா மழை, விலை, பூச்சி மருந்துன்னு சரியாச் சொல்லிச் சொல்லிச் சம்பாதிச்சது. குறும்புக்காரர் எடுத்துச் செலவு பண்றது அந்தச் சம்பாத்தியத்தைத்தான். அவர் சம்பாதிச்சது இல்ல, நிலையத்துல இருக்கற அத்தனை பேரும் சேந்து சம்பாதிச்சது.

அந்தச் செலவு எதுவரைக்கும் போகும்னு பாக்க அதே 1949ஆம் வருஷமே போதும். பிப்ரவரி 12, தென் அமெரிக்காவுல ஈக்வடார் நாட்டுத் தலைநகரம் கீட்டோ. செவ்வாய்க் கிரகத்துக்காரங்க படையெடுத்து வர்ற கதையை 'ரேடியோ கீட்டோ' நாடகமாப் போட்டுச்சு. பாட்டு நிகழ்ச்சியை நடுவுல நிறுத்தி, நிஜச் செய்தி மாதிரியே ஆரம்பிச்சாங்க. அமைச்சர், மேயர் குரல்ல எல்லாம் நடிகர்கள் பேசினாங்க. ஊரே தெருவுக்கு வந்துடுச்சு. அத்தனையும் நாடகம்னு தெரிஞ்சதும் பயம் கோபமா மாறிச்சு. ரேடியோ இருந்த 'எல் கொமெர்சியோ' பத்திரிகைக் கட்டடத்துக்குத் தீ வெச்சுட்டாங்க. குறைஞ்சது 6 பேர் செத்தாங்க. 1938ல அமெரிக்காவுல ஆர்சன் வெல்ஸ் இதே கதையைப் போட்டது எல்லாருக்கும் தெரியும். ஆனா அங்கே பத்திரிகைகள் எழுதின அளவுக்குக் கலவரம் நடக்கலைன்னு பின்னாடி ஆராய்ஞ்சவங்க சொல்றாங்க. கீட்டோவுல நடந்தது நிஜம். தீ வெச்சதை நான் நியாயப்படுத்தல. ஆனா "ஜனங்க பைத்தியம்"னு ஒரே வரியில முடிச்சுடாதீங்க.

எனக்கு ரொம்பக் கோபம் வர்றது எச்சரிக்கையை வெச்சு விளையாடும்போதுதான். 1991 ஜனவரி 29, வளைகுடாப் போர் நடந்துக்கிட்டு இருந்த நேரம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துல ஒரு நிலையம் அவசரகால எச்சரிக்கைச் சத்தத்தையே போட்டு, நாட்டு மேல அணுகுண்டுத் தாக்குதல்னு அறிவிச்சுது. 25,000 டாலர் அபராதம் கட்டினாங்க. குற்றம், பேரழிவுன்னு பொய் பரப்பி மக்களுக்குக் கேடு உண்டாக்கக் கூடாதுன்னு 1992ல அங்கே தனி விதியே வந்துச்சு. அப்படியும் 2013 ஏப்ரல் 1 அன்னிக்கு ஃபுளோரிடாவுல ஒரு நிலையத்துக்காரங்க, குழாயில 'டைஹைட்ரஜன் மோனாக்சைடு' வருதுன்னு அறிவிச்சாங்க. அது தண்ணிக்கான வேதியியல் பேருதான். சனங்க பதறிப்போய்க் குடிநீர் அலுவலகத்துக்குப் போன் மேல போன் போட்டாங்க. பிள்ளைக்குக் கொடுக்கற தண்ணியில ஏதோ கலந்திருக்குன்னா எந்த அம்மாவும் போன் போடத்தான் செய்வா. அவளுக்கு வேதியியல் தெரியலைன்னு சிரிக்கறது என்ன நாகரிகம்?

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்துச்சு. முந்தின நாள் பூரா எச்சரிக்கை சொல்லிக்கிட்டே இருந்தாங்க. எங்க ஊர்ல மாட்டை அவுத்து மேட்டுக்கு ஓட்டினவங்க அந்தப் பேச்சை நம்பித்தான் ஓட்டினாங்க. "இவங்க எப்பவும் இப்படித்தான் சொல்வாங்க"ன்னு கொட்டகையில கட்டியே வெச்சவங்களும் உண்டு. விடிஞ்சப்போ கொட்டகையும் இல்ல, மாடும் இல்ல. பொய் எச்சரிக்கையோட நஷ்டம் அன்னிக்கே முடியறதில்ல. அடுத்து நிஜமான எச்சரிக்கை வர்ற அன்னிக்குத்தான் தெரியும்.

அதுக்காகக் குறும்பே கூடாதுன்னு சொல்ற ஆள் இல்ல நான். 1976 ஏப்ரல் 1, பிபிசி ரேடியோ 2. பேட்ரிக் மூர்னு பேர்போன வானியல் அறிஞர். காலை 9:47க்கு புளூட்டோ வியாழனுக்குப் பின்னாடி போகும்போது பூமியோட ஈர்ப்பு கொஞ்சம் குறையும், அந்த நேரம் குதிச்சா மிதக்கற மாதிரி இருக்கும்னு சொன்னார். நாங்க மிதந்தோம்னு போன் போட்டவங்களே உண்டு! இதுல யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு குதி. கேட்டவனும் சிரிக்கலாம், சொன்னவரும் சிரிக்கலாம்.

2012 டிசம்பர்ல நடந்தது அப்படி இல்ல. சிட்னியின் 2டே எஃப்எம் அறிவிப்பாளர்கள் இங்கிலாந்து ராணி மாதிரியும் இளவரசர் மாதிரியும் பேசி, இளவரசி கேட் சிகிச்சையில இருந்த லண்டன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாங்க. விடிகாலை நேரம். வரவேற்பில ஆள் இல்ல. அதனால ஒரு நர்ஸ் எடுத்து, நம்பி, உள்ளே இணைப்புக் கொடுத்தார். நம்ம நாட்டுல இருந்து போனவர். உலகமே அதைப் போட்டுப் போட்டுச் சிரிச்சுது. மூணு நாள்ல அவர் உயிரை மாய்ச்சுக்கிட்டார். ஒரு மனுஷர் ஏன் அந்த முடிவுக்குப் போறாருன்னு வெளியே இருந்து நாம சொல்லிட முடியாது. ஆனா அந்தப் போனை எடுத்தது அவரோட வேலை. மரியாதையாப் பேசினதும் வேலைதான்.

நம்ம ஊர்ப் பண்பலைகள்லயும் இந்தப் போன் கலாய்ப்பு நடக்குது. பெரும்பாலும் மாட்டறது யாரு? ஆட்டோக்காரர், மெக்கானிக், மளிகைக்கடை அண்ணாச்சி. எந்த நம்பர்ல இருந்து வந்தாலும் போனை எடுத்தே ஆகணும்னு இருக்கறவங்க. அவங்க திட்டினாத்தான் நிகழ்ச்சிக்குச் சுவை. பெரிய ஆளுக்குப் போட்டா உதவியாளர் எடுப்பார், அடுத்த நாள் வக்கீல் நோட்டீஸ் வரும்னு தெரியும்.

தம்பி தங்கச்சிகளா, குறும்பு பண்ணித்தான் ஆகணும்னா உங்க நிலைய முதலாளிக்குப் போன் போடுங்க. அவர் கோபப்படறதை ஒலிபரப்புங்க, நானும் வயல்ல இருந்து கேட்டுச் சிரிக்கறேன். புயல், தண்ணி, ஆஸ்பத்திரி இந்த மூணை மட்டும் விட்டுடுங்க. அதுல நீங்க சொல்றதை நாங்க இன்னும் நம்பிக்கிட்டுத்தான் இருக்கோம்.