கால்கட்டு

மேய்ச்சலுக்கு விடும் மாட்டின் முன்னங்கால்கள் இரண்டையும் கொஞ்சம் இடைவெளி விட்டுக் கயிற்றால் பிணைத்துவிட்டால் அது வேலி தாண்டாது, அடுத்தவர் கொல்லையில் வாய் வைக்காது. கயிற்றை அவிழ்த்ததும் பழைய மாடுதான். கால்கட்டு நடையைக் குறுக்கும். எந்தப் பயிரில் வாய் வைக்கக் கூடாது என்று கற்றுத் தராது. ஆனாலும் பையன் எந்த வேலையிலும் நிலைக்கவில்லை, குடிக்கிறான், கோபம் வந்தால் தட்டை வீசுகிறான் என்ற பேச்சு வந்ததும் வீட்டுப் பெரியவர்கள் வாயில் முதலில் வருவது இந்தச் சொல்தான்: “ஒரு கால்கட்டைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.” கல்யாணம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்ற இந்த நம்பிக்கைக்குச் சாதி, மதம், படிப்பு, பணம் என்ற பேதம் கிடையாது. பெண்ணுக்கு ‘பெரியவளாகிவிட்டாள்’ என்று உடலை வைத்தே ஒரு தேதி குறித்துவிட்ட நம் சமூகம், ஆணுக்கு அப்படியொரு தேதி இல்லாததால் முகூர்த்த நாளையே அதற்கு வைத்துக்கொண்டது போலும்.

நம்பிக்கை இவ்வளவு காலம் பிழைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 24 வயதில் ஊர் சுற்றியவன் 32 வயதில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு நேரத்துக்கு வீடு திரும்புவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இடையில் கல்யாணம் நடந்திருக்கிறது. எனவே கல்யாணம்தான் திருத்தியது என்று முடிவு கட்டுகிறோம். அந்த எட்டு ஆண்டுகளில் அவனுக்கு எட்டு வயது கூடியிருக்கிறது என்பது கணக்கில் வருவதில்லை. ஒரே மனிதர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 92 ஆய்வுகளை பிரெண்ட் ராபர்ட்ஸும் அவருடைய சகாக்களும் 2006-இல் தொகுத்துப் பார்த்தார்கள். கடமையுணர்வும் மன நிதானமும் பெரும்பாலும் 20-இலிருந்து 40 வயதுக்குள் வளர்கின்றன என்று அதில் தெரிந்தது. நம் ஊரில் கல்யாணம் நடக்கும் வயதும் அதுதான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. பெருமை காக்கைக்குப் போயிற்று.

எதிர்த்தரப்பில் வலுவான சான்று ஒன்று உண்டு, அதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஷெல்டன் குளூக், எலியனோர் குளூக் தம்பதியர் குற்றச்செயல்களில் சிக்கிய 500 சிறுவர்களைப் பற்றி விரிவான தகவல்களைத் திரட்டி வைத்திருந்தார்கள். அந்தச் சிறுவர்களை முதுமை வரை தேடிச்சென்று ஆராய்ந்தவர்கள் ஜான் லாப், ராபர்ட் சாம்ப்சன். மண வாழ்வில் இருந்த காலத்தில் அவர்கள் குற்றம் செய்யும் வாய்ப்பு சராசரியாக 35 சதவீதம் குறைந்திருந்தது என்று 2006-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை சொன்னது. கால்கட்டுக்காரர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் இது எப்படி நடந்தது என்று அவர்களே தரும் விளக்கத்தையும் படிக்க வேண்டும். மனைவி அவனைக் கண்காணித்தாள், பழைய கூட்டாளிகளிடமிருந்து பிரித்தாள், அவனுடைய நாளுக்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தாள். எல்லாம் அவள் செய்த வேலை. அதோடு, நல்ல பிணைப்புள்ள மணவாழ்க்கையைத்தான் அவர்கள் முக்கியமாகப் பேசினார்கள். தாலி ஏறிய கணத்தைப் பற்றி அல்ல. பிறகு 2013-இல் நார்வேயிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. 1995 முதல் 2001 வரை மணம் செய்த 80,000-க்கும் மேற்பட்ட ஆண்களின் அரசுப் பதிவேடுகளை லிங்ஸ்டாட், ஸ்கார்ட்ஹாமர் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். குற்றங்கள் படிப்படியாகக் குறைந்தது கல்யாணத்துக்கு முந்தைய ஆண்டுகளில். கல்யாணத்துக்குப் பிறகு சற்றே ஏறவும் செய்தன. அதாவது, திருந்தத் தொடங்கியவன் மணமேடை ஏறினான். நாமோ மணமேடை ஏறியதால் திருந்தினான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரி, பொறுப்பைத் தலையில் வைத்தால்தானே பொறுப்பு வரும், நீச்சல் தெரிந்த பிறகா தண்ணீரில் இறங்குவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பொறுப்பு மனிதனை வளர்க்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. எந்தப் பொறுப்பு, எப்படி என்பதில்தான் வழக்கு. ஜெர்மனியில் 14,718 பேரின் குணப்போக்கை 2005-இலும் 2009-இலும் அளந்து ஒப்பிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் முதன்முதலாக வேலையில் சேர்ந்தவர்களிடம் கடமையுணர்வு கூடியிருந்தது. குழந்தை பெற்றவர்களிடம் அது குறைந்திருந்தது! வேலைக்கும் குடும்பத்துக்கும் ஏன் இந்த வேறுபாடு என்று யோசித்தால், எனக்குத் தோன்றும் காரணம் இதுதான். வேலையில் தவறு செய்தவனுக்கே அடி விழுகிறது: தாமதமாக வந்தால் சம்பளம் பிடிப்பார்கள், மேலும் தாமதித்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள். சிறிய வேலையைச் சரியாகச் செய்தவனுக்கே பெரிய வேலை தருவார்கள். குடும்பத்தில் அவன் தவறினால் அடி அடுத்தவருக்கு. மின்கட்டணம் கட்ட மறந்தால் மாமனார் கட்டுவார். தட்டை வீசினால் அவள் பொறுக்குவாள். குடித்துவிட்டு விழுந்தால் அம்மா சோறு மூடி வைத்திருப்பாள். தன் செயலின் விளைவு தன்னிடம் திரும்பி வராத இடத்தில் ஒருவன் எதைக் கற்றுக்கொள்வான்? நீச்சல் உவமைக்கே வருவோம். இங்கே கிணற்றில் இறக்கப்படுவது இருவர், அதில் ஒருத்தி மற்றவனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நீந்த வேண்டும்.

அந்தக் காலத்தில் பதினெட்டிலும் இருபதிலும் கட்டிவைத்தார்கள், அவர்கள் குடும்பம் நடத்தவில்லையா என்பது அடுத்த வாதம். நடத்தினார்கள். ஆனால் கூட்டுக்குடும்பத்தில் வரவு செலவும் முடிவும் பெரியவர் கையில் இருந்தன. இருபது வயதுக் கணவனிடம் யாரும் பக்குவத்தை எதிர்பார்க்கவில்லை, அது தேவைப்படவும் இல்லை. மணமுறிவு எண்ணிப் பார்க்க முடியாததாக இருந்த காலத்தில், பிரியாமல் இருந்ததைப் பக்குவம் என்று இன்று நாம் திருப்பி எழுதுகிறோம். தன் கோபத்தைத் தானே அடையாளம் காண்பது, செய்த தவற்றைச் சாக்குச் சொல்லாமல் ஒப்புக்கொள்வது, எதிரில் இருப்பவருக்கும் ஒரு மனம் உண்டு என்று உணர்வது ஆகியவற்றையே நான் பக்குவம் என்கிறேன். எத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்தார்கள் என்ற எண்ணிக்கையால் இவற்றை அளக்க முடியாது. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் சுமார் 38 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். கை ஓங்கிய அத்தனை ஆண்களுக்கும் கால்கட்டு போட்டாகிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த நம்பிக்கையின் மிகக் கொடிய வடிவம், மனநோய்க்கும் கல்யாணத்தையே மருந்தாகத் தருவது. நோயை மறைத்து மணம் முடிப்பது நம்மிடையே புதிதல்ல. இதில் ஆண் பெண் இருவருமே பலியாகிறார்கள். சென்னையில் மனச்சிதைவு நோய்க்காக இயங்கும் ஸ்கார்ஃப் நிறுவனத்தின் ஆர். தாராவும் சகாக்களும், மண வாழ்வு முறிந்த நோயாளிப் பெண்களைப் பற்றி 2003-இல் எழுதினார்கள். அந்தப் பெண்கள் பெரும்பாலும் வயதான பெற்றோரின் நிழலுக்கே திரும்பியிருந்தார்கள். மாத்திரையும் மருத்துவரும் வேண்டிய இடத்தில் மஞ்சள் கயிறு என்ன செய்யும்?

நோயோ குணமோ, இந்த வைத்தியத்தில் ஒரு விசித்திரம் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகும் அவன் மாறவில்லை என்றால், “ஒரு குழந்தை பிறக்கட்டும், சரியாகிவிடுவான்” என்று மருந்தளவைக் கூட்டுகிறார்கள். குழந்தை பிறந்தும் மாறாவிட்டால் தனிக்குடித்தனம். தனிக்குடித்தனமும் பலிக்காதபோதாவது நம்பிக்கையைக் கைவிட வேண்டும் அல்லவா? அதற்குப் பதில், “அவளுக்குச் சாமர்த்தியம் போதவில்லை” என்ற தீர்ப்பு வருகிறது. அதே வீட்டில் இரண்டாவது மகனுக்கு ஜாதகம் எடுக்கிறார்கள். பத்துப் பொருத்தமும் பார்ப்பார்கள், சம்பளச் சீட்டு கேட்பார்கள், சொந்த வீடு உண்டா என்று விசாரிப்பார்கள். கோபம் வந்தால் பையன் என்ன செய்வான் என்று பெண் வீட்டார் கேட்டுவிட்டால், காபி டம்ளர் பாதியில் நிற்கும்.