வலைக்குப் போகும் ஈயம், வீட்டில் தங்கும் நஞ்சு: மன்னார் கரையின் பேசப்படாத பழைய உலோகம்

வடக்கில் பழைய உலோகம் என்றால் முதலில் இரும்புதான் நினைவுக்கு வரும். போர்க்காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குள் போயின. 1990இல் நின்றுபோன ரயில், புதிய பாதை போடப்பட்டு 2015 மார்ச்சில்தான் மீண்டும் தலைமன்னார் துறைவரை வந்தது. 2009க்குப் பிறகு வன்னியில் எரிந்துகிடந்த வாகனங்களும் தகரங்களும் லொறி லொறியாகத் தெற்கே போனதை எல்லோரும் பார்த்தோம். அந்தக் கணக்கில் யாரும் பெரிதாகக் கவனிக்காத உலோகம் ஈயம். அது முழுவதும் ஊரைவிட்டுப் போகவில்லை. ஒரு பகுதி எங்கள் கொல்லைகளில் உருக்கப்பட்டு, எங்கள் வலைகளிலேயே தொங்குகிறது.

நண்டு வலையோ வேறு படுப்பு வலையோ, கீழ்க்கயிற்றில் பாரம் இல்லாவிட்டால் கடலடியில் நிற்காது. அந்தப் பாரம் பெரும்பாலும் ஈயம். தண்ணீரைவிடப் பதினொரு மடங்கு கனமானது, கடல் உப்பில் இரும்பைப்போல் கரைந்துபோகாது, சுமார் 327 பாகை செல்சியசில் உருகிவிடும். வீட்டு அடுப்பே போதும் என்பதுதான் அதன் வசதி. அதன் ஆபத்தும் அதிலிருந்தே தொடங்குகிறது. மன்னார்த் தீவின் கரையோர ஊர்களில் வலை பொத்துகிறவர்களோடு பேசும்போது, ஈயம் எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்பதுண்டு. கடையில் வாங்குவது ஒரு வழி. பழைய பற்றரியும் பழைய இரும்புக் கடையும் இன்னொரு வழி. காசு இல்லாதபோது எது நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

காசு ஏன் இல்லை?

இந்திய இழுவைப் படகுகள் வந்துபோன மறுநாள் காலையில் ஒரு மீனவருக்கு இல்லாமல் போவது நூல் மட்டுமல்ல. மிதப்பு, கயிறு, ஈயம் எல்லாம் சேர்ந்துதான் போகின்றன. இழுவைமடித் தொழிலைத் தடைசெய்யும் சட்டத்திருத்தம் 2017 ஜூலையில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் வந்தது, அறுந்த வலைக்கு யார் ஈடு தருவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 2022இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. ரூபாய் சரிந்தபோது இறக்குமதியாகும் வலையும் கயிறும் எட்டாத விலைக்குப் போயின. உலகச் சந்தையில் ஈயத்தின் விலை அண்மைய ஆண்டுகளில் தொன்னுக்கு ஏறத்தாழ 2,000 டொலர். டொலர் ஏறினால் பேசாலையில் ஒரு கிலோ ஈயத்தின் விலையும் ஏறும். அப்போது செத்த பற்றரி குப்பையாக இராது, முதலாகிவிடும்.

செத்த பற்றரிக்குக் கரையில் பஞ்சமும் இல்லை. படகின் விளக்குக்கும் ஜிபிஎஸ் கருவிக்கும் பற்றரி, ஓட்டோவுக்குப் பற்றரி, சோலர் வைத்த வீட்டுக்குப் பற்றரி. உலகில் எடுக்கப்படும் ஈயத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் பற்றரிக்குத்தான் போகிறது. 1990களின் பொருளாதாரத் தடைக்குள் இருந்தவர்களுக்கு இது ஒரு விசித்திரமான திருப்பமாகத் தோன்றலாம். அன்று ஒரு சிறிய டோர்ச் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். எதையும் எறியாமல் இன்னொன்றாக மாற்றும் பழக்கம் அந்தக் காலத்தின் கல்வி. அந்தக் கல்வியைக் குறைசொல்ல என்னால் முடியாது. ஆனால் அது ஈயத்தின் விடயத்தில் எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றாது.

செனகல் நாட்டு மீனவ ஊர் ஒன்றின் பாடம்

மேற்கு ஆபிரிக்காவில், செனகலின் தலைநகர் டக்காரின் புறநகரில், தியாரோய் சூர் மேர் என்ற கரையோர ஊர் இருக்கிறது. அங்கும் கொல்லர்கள் பல ஆண்டுகளாகப் பழைய வாகனப் பற்றரிகளை உடைத்து, வலைகளுக்கு ஈயப் பாரம் வார்த்து வந்தார்கள். மண்ணில் ஈயம் சேர்ந்துகொண்டே போனது. உலகச் சந்தையில் ஈயத்தின் விலை ஏறியதும் வியாபாரிகள் அந்த மண்ணையே மூட்டை மூட்டையாக வாங்க வந்தார்கள். பெண்கள் மண்ணைச் சலித்தார்கள். குழந்தைகள் பக்கத்தில் விளையாடினார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள். காரணம் ஈய நஞ்சு என்பது பிறகுதான் கண்டுபிடிக்கப்பட்டது.

மன்னாரில் அப்படி நடந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. தொழில் அதே தொழில், உலோகம் அதே உலோகம் என்கிறேன்.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனால், பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு கூடுதலாகக் குழந்தையின் உடல் அதை உறிஞ்சும். இரும்புச்சத்தும் கல்சியமும் குறைந்த குழந்தை இன்னும் கூடுதலாக உறிஞ்சும். உணவைக் குறைத்துக்கொண்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இதன் பொருள் என்னவென்று விளங்கும். ஈயம் எலும்பில் பல ஆண்டுகள் தங்கி, கர்ப்பகாலத்தில் இரத்தத்துக்குத் திரும்பி வயிற்றிலுள்ள சிசுவையும் அடையும். காய்ச்சலோ வாந்தியோ வரவேண்டும் என்றில்லை. பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை, ஓரிடத்தில் இருக்கமாட்டான், சோகையாக இருக்கிறான் என்று மட்டும் தெரியும். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில், நடவடிக்கை தேவை எனக் கருதப்படும் அளவில் ஈயம் இருப்பதாக யுனிசெஃப் 2020இல் கணக்கிட்டது. போர் பார்த்த எங்கள் பிள்ளைகளின் கற்றல் குறைபாடுகளை எல்லாம் மனவடுவின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியுமா? ஒரு இரத்தப் பரிசோதனை இதற்குப் பதில் சொல்லும்.

ரவையும் கோதும்

ஈயம் வரும் இன்னொரு வழியைப் பேசத்தான் பலரும் தயங்குகிறார்கள். பல வகைத் துப்பாக்கி ரவைகளின் உள்ளே இருப்பது ஈயம், கோது பித்தளை. இரண்டுக்கும் விலை உண்டு. உயிலங்குளத்தில் சோதனைச்சாவடி கடந்து போய்வந்த காலத்தையும், 2007, 2008இல் சிலாவத்துறை, அடம்பன், விடத்தல்தீவு என்று நகர்ந்த சண்டையையும் நினைத்துப் பார்த்தால், இந்த மண்ணில் என்ன கிடக்கிறது என்பது புரியும். பழைய உலோகம் பொறுக்கப் போனவர்கள் வெடித்து இறந்த, கைகால் இழந்த செய்திகள் போர் முடிந்த பின்னும் வந்துகொண்டேயிருந்தன. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. கண்ணிவெடிகளை அகற்றி முடிக்க அந்த உடன்படிக்கை தந்த காலக்கெடு 2028 ஜூன் 1. கண்ணிவெடி அகற்றப்பட்ட காணியிலும் தனி ரவைகளும் வெடிக்காத செல்லும் பிறகு வெளிப்படலாம் என்பதை மறக்கக்கூடாது.

அங்கே கிடைக்கும் ஈயம் வலைக்கு மட்டும் போவதில்லை. பெருநிலப்பகுதியில், மடுவிலிருந்து முசலிவரை காட்டோரங்களில், பன்றி வேட்டைக்கான இடியன் துவக்குகளுக்கும் கட்டுத்துவக்குகளுக்கும் தேவைப்படுவதும் ஈயமே. கட்டுத்துவக்கு பன்றியையும் மனிதனையும் பிரித்து அறியாது. சுடப்பட்ட இறைச்சியில் கண்ணுக்குத் தெரியாத ஈயத்துகள்கள் தங்கும். அதைக் குழந்தைகளும் உண்பார்கள்.

சட்டத்தின் பக்கத்தையும் சொல்லவேண்டும். அனுமதியில்லாத துவக்கும் ரவையும் வெடிபொருளும் யாருக்கும் குற்றம்தான். ஆனால் 1979இல் தற்காலிகமாக என்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் அனுபவம் உள்ள ஒரு சமூகத்தில், கொல்லையில் கிடக்கும் பத்து ரவைக்கோதுகள் பழைய இரும்பாகப் பார்க்கப்படுமா, வேறு எதுவாகவாவது பார்க்கப்படுமா என்ற பயம் இயல்பானது. அந்தப் பயத்தால் கண்டெடுத்தவர் அறிவிக்காமல் மறைக்கிறார், அல்லது அவசரமாக விற்கிறார். இரண்டும் உயிருக்கு ஆபத்து. தண்டனைப் பயமின்றி ஒப்படைக்க வழி இல்லாத இடத்தில், விழிப்புணர்வுச் சுவரொட்டி எவ்வளவு ஒட்டினாலும் பயன் குறைவுதான்.

என்ன செய்யலாம்?

முதலாவது, செத்த பற்றரி. 2008இன் சுற்றாடல் ஒழுங்குவிதிகள் ஈயப் பற்றரிக் கழிவை அபாயகரமான கழிவாகக் கருதுகின்றன. கையாள அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்த விதி மன்னார்க் கரையில் உயிர்பெற வேண்டுமானால், பற்றரியை முழுதாக, உடைக்காமல், நியாயமான விலைக்கு மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் ஊடாகவே வாங்கும் ஏற்பாடு வேண்டும். அதே சங்கம் தொழிற்சாலையில் வார்த்த பாரத்தைக் கடனுக்குக் கொடுக்கலாம். சீமெந்து, சுட்ட மண், இரும்புச் சங்கிலி போன்ற மாற்றுப் பாரங்களை எந்த வலைக்குப் பயன்படுத்தலாம் என்பதை மீனவர்களோடு சேர்ந்தே சோதிக்கவேண்டும். இங்கிலாந்தில் தூண்டிலுக்கான சிறிய ஈயப் பாரங்களின் விற்பனை 1987இலேயே தடைசெய்யப்பட்டது. அங்கே அன்னங்களுக்காகச் செய்ததை இங்கே குழந்தைகளுக்காகச் செய்யலாம்.

இரண்டாவது, பரிசோதனை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் கரையோர ஊர்களில் ஒரு தொகுதிக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈய அளவைப் பார்த்தாலே நிலைமை தெரியும். மூன்றாவது, அறுக்கப்பட்ட வலைக்கு இழப்பீடு. அது இல்லாதவரை மற்றவை எல்லாம் அறிவுரையாகவே முடியும்.

இவை வரும்வரை வீடுகளில் செய்யக்கூடியதும் சில உண்டு. பற்றரியை உடைக்கவோ ஈயத்தைச் சமையலடுப்பிலோ வீட்டு முற்றத்திலோ உருக்கவோ வேண்டாம். ஈயத்தில் கைவைத்தவர் கை கழுவி, உடுப்பு மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்கட்டும். ரவையோ செல்லோ கண்டால் தொடாமல், இடத்தை மட்டும் அடையாளம் வைத்துச் சொல்லட்டும்.

2025இல் காற்றாலைகளுக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள். மண்ணைப் பற்றி எங்களிடம் கேட்காமல் முடிவெடுக்காதே என்பதே அந்தக் கோரிக்கையின் சாரம். அதே மண்ணில், கொல்லைப்புறத்தில், கைப்பிடி கைப்பிடியாகச் சேரும் ஈயத்துக்கு எதிராக ஊர்வலம் போக முடியாது. கூட்டுறவுச் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுக்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.