நட்புக்கு எதற்கு அரசுப் பணம்?

அமெரிக்காவில் சிக்கனப் பேச்சு எழும்போதெல்லாம் கத்தரிக்கு எளிதாகச் சிக்குகிற இனங்களில் ஒன்று, இளையோர் வழிகாட்டித் திட்டங்களுக்கான மானியம். நீதித்துறையின் கீழுள்ள சிறார் நீதி அலுவலகம் வழியாக அண்மைக் காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டாலர் இதற்குப் போகிறது. அந்நாட்டு பட்ஜெட்டில் இது கொசுறு. ஆனாலும், வாரம் ஒருமுறை ஒரு பையனைப் பேஸ்பால் பார்க்கக் கூட்டிப்போக அரசுப் பணம் எதற்கு என்று கேட்கிறார்கள். வழிகாட்டிகள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் என்பதால், கேள்வி நியாயமாகவே தோன்றும்.

பணம் போவது வேறிடத்துக்கு. முன்வருபவரின் போலீஸ் பதிவைச் சரிபார்க்க வேண்டும். எந்தப் பிள்ளைக்கு யார் பொருந்துவார் என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் மாதாமாதம் வழிகாட்டி, பிள்ளை, பெற்றோர் என மூவரிடமும் தனித்தனியே போனில் பேச வேண்டும். ‘வாயே திறக்க மாட்டேன் என்கிறான், நான் விலகிக்கொள்கிறேன்’ என்று வழிகாட்டி சலித்துக்கொள்வார். அதே வாரம் அம்மா, ‘சனிக்கிழமை எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்’ என்பார். இரண்டையும் கேட்டிருப்பவர் ஒருங்கிணைப்பாளர் மட்டுமே. மானியத்தில் கைவைத்தால் முதலில் போவது இவருடைய வேலை.

அதனால் என்ன நட்டம்? 1904இல் நியூயார்க்கில் வேர்விட்ட ‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’ அமைப்பில் 10 முதல் 16 வயது வரையிலான 959 பேரை வைத்து நடந்த ஆய்வு 1995இல் வெளிவந்தது. ஒரு பாதியினருக்கு உடனே வழிகாட்டி கிடைத்தார். மறுபாதியினர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தார்கள். பதினெட்டு மாதம் கழித்து, வழிகாட்டி கிடைத்தவர்கள் போதைப்பொருளைத் தொடத் தொடங்கும் வாய்ப்பு 46 சதவீதம் குறைவாக இருந்தது. பள்ளிக்கு மட்டம் போட்ட நாள்களும் ஏறக்குறைய பாதி. அதே தரவுகளை 2002இல் மறுபடி அலசியவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள்: ஓராண்டைத் தாண்டிய உறவுகளில்தான் பலன் அதிகம், மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றில் பிள்ளைகளின் தன்மதிப்பு சரிந்திருந்தது. அரைகுறையாகக் கைவிடப்பட்ட பிள்ளைக்கு, வழிகாட்டியே கிடைக்காமல் இருந்திருந்தால் தேவலை.

எதிர்ப்பாளர்கள் 2009ஆம் ஆண்டின் அறிக்கையை நீட்டுவார்கள். கல்வித்துறை பள்ளிகளில் நடத்திய வழிகாட்டித் திட்டத்தால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்றது அது; திட்டமும் மூடப்பட்டது. அறிக்கையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே உறவுகள் சராசரியாக ஆறு மாதம்கூட நீடிக்கவில்லை. அரைகுறையாக நடந்த ஒன்றைக் காட்டி, நன்றாக நடப்பதையும் நிறுத்தச் சொல்வது என்ன கணக்கோ!

நன்கொடையாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அடுத்த வாதம். நன்கொடையாளருக்குக் கோடை முகாமும் குழுப் புகைப்படமும் பிடிக்கும். ஒருங்கிணைப்பாளரின் மாதச் சம்பளத்துக்குக் காசோலை எழுத ஆள் கிடைப்பது அரிது. தவிர, பணக்காரர்கள் இருக்கும் ஊரிலேயே நன்கொடையும் இருக்கும். ஒரு சிறாரைக் காவல் இல்லத்தில் ஓராண்டு வைக்க மாநிலங்களுக்குச் சராசரியாக இரண்டு லட்சம் டாலருக்கு மேல் ஆகிறது என்று 2020இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதற்கு யாரும் நன்கொடை கேட்பதில்லை.

2025 ஏப்ரலில் குற்றத் தடுப்பு, பாதிக்கப்பட்டோர் உதவி ஆகியவற்றுக்கான முந்நூறுக்கும் மேற்பட்ட மானியங்களை நீதித்துறை பாதியிலேயே ரத்து செய்தது. ஆகவே தொகையைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. வழிகாட்டி மானியத்தை மூன்றாண்டுக்குச் சேர்த்து ஒதுக்கி, தக்க காரணமின்றி இடையில் பறிக்க முடியாதபடி காங்கிரஸ் சட்டத்திலேயே எழுத வேண்டும். பதிலுக்கு, உறவுகளை ஓராண்டாவது நீடிக்கச் செய்ய முடியாத அமைப்புக்கு அடுத்த தவணையை மறுக்கலாம்.