கூந்தலைக் கத்தரித்தது யார்?

2025 நவம்பர் 2ஆம் நாள் நவி மும்பையில் நிகழ்ந்த மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஷஃபாலி வர்மா என்னும் இளநங்கை 87 ஓட்டங்கள் குவித்தார். பந்து வீசி இரு விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று இந்திய மகளிர் முதன்முறையாக அக்கோப்பையை ஏந்தினர். அதற்கு முந்திய ஆண்டு ஜூன் திங்களில், நம் சேப்பாக்கத்துத் திடலிலேயே, டெஸ்ட் ஆட்டமொன்றில் 205 ஓட்டங்கள் எடுத்தவரும் இவரே.

அரியானா மாநிலத்து ரோத்தக் நகரில் இவர் சிறுமியாயிருந்தபோது, பெண் என்ற காரணத்தால் பயிற்சிக் கூடங்கள் சேர்க்க மறுத்தன. தந்தை மகளின் கூந்தலைக் கத்தரித்து, ஆண்பிள்ளையின் தோற்றத்தில் ஆட அனுப்பினார். இதனை மேடைதோறும் எடுத்துரைத்து, ‘என்னே விடாமுயற்சி!’ என்று மெய்சிலிர்ப்போர் பலர். நான் கேட்கிறேன்: இதில் சிலிர்ப்பதற்கு என்ன இருக்கிறது? நாணுவதற்கன்றோ இருக்கிறது! கத்தரிக்கோலைப் பிடித்தது தந்தையின் கை. பிடிக்க வைத்ததோ கதவைச் சாத்திய ஊர். வேடம் புனைந்து நுழைந்த ஒருத்தியைப் போற்றுகிறோம். வேடம் புனைய வழியின்றித் திரும்பிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று எவரும் கேட்பதில்லை.

ரோத்தக்கைப் பழிக்க நமக்குத் தகுதியுண்டா? எங்கள் கண்டாச்சிபுரத்தில் அஸர் தொழுகைக்குப் பின், அறுவடை முடிந்த வயலில் பையன்கள் பந்தாடுவர். ஒருநாள் பந்து முள்வேலியைத் தாண்டி வீழ்ந்தது. அங்கே ஆடு மேய்த்து நின்ற சிறுமியொருத்தி அதை எடுத்து எறிந்தாள். குறி தவறாமல் அது நேரே ஸ்டம்பில் பட்டது. பையன்கள் வாய்பிளந்தனர். வரப்பில் நின்ற பெரியவர் ஒருவர், “பொட்டப்புள்ளைக்கு இங்க என்ன வேலை?” என்று விரட்டினார். நானும் அங்கே நின்றேன், வாய் திறந்தேனல்லேன். முப்பதாண்டு பாடம் சொல்லிக் கொடுத்த என் நா அன்று ஏன் கட்டுண்டது என்று இன்றும் வெட்குகிறேன்.

‘ளுல்ம்’ என்னும் அரபுச் சொல்லை அநீதி என்று பெயர்க்கிறோம். ஒரு பொருளை அதற்குரிய இடத்தில் வைக்காமையே ளுல்ம் என்பது மொழியறிஞர் தரும் விளக்கம். அந்தச் சிறுமியை வேலிக்கப்பால் நிறுத்தியதற்கு இதனினும் பொருத்தமான பெயர் உண்டோ?

‘பெண்ணுக்கு ஓட்டமும் ஆட்டமும் தகுமா?’ என்பாருக்கு ஒன்று நினைவூட்டுவேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடன் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். ஒருமுறை முந்தினார்கள், பின்னொருமுறை பிந்தினார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி இது. உடையும் ஒழுங்கும் பாதுகாப்பும் வேண்டுமென்பீராயின், நானும் வேண்டுமென்பேன். அவற்றை அமைத்துத் தருவது நம் கடமை. அவற்றைச் சாக்காக்கிக் கதவடைப்பது கடமையன்று.

‘இது இக்காலத்து மோகம்’ என்பதும் பொய். சென்னையிற் பிறந்த சாந்தா ரங்கசாமி இந்திய மகளிர் டெஸ்ட் அணிக்குத் தலைமையேற்றது 1976ஆம் ஆண்டில்!

மற்றொரு சாராரும் உளர். மதுரைப் பெண் கமலினி, 2024 டிசம்பர் ஏலத்தில், பதினாறு வயதில், 1 கோடியே 60 இலட்ச ரூபாய்க்கு மும்பை அணிக்குச் சென்ற செய்தி கேட்டதும், ‘நம் பெண்ணையும் சேர்க்கலாமா?’ என்று விசாரிக்கத் தொடங்கியவர்கள். காசைக் கண்டு திறக்கும் கதவு, காசு வராத பிள்ளைக்கு மீண்டும் சாத்தப்படும். ஏலத்தில் ஒரு காசும் பெறாத பிள்ளைக்கும் கைகால் வீசி ஆடும் உரிமை உண்டு. ஆற்றல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானத், அது விலைச்சரக்கன்று.

ஆதலால் ஊர்ப் பெரியோரை வேண்டுகிறேன்: வாரத்தில் இரு மாலைப் பொழுதேனும் திடலைப் பெண்பிள்ளைகளுக்கு விடுங்கள். துணைக்கு ஓர் ஆசிரியை, ஒதுங்க ஒரு கழிப்பறை, ஒரு மட்டை, ஒரு பந்து, இவ்வளவே செலவு. இதுகூட இயலாதெனில், அடுத்த முறை கோப்பை வரும்போது வெடி கொளுத்தாதீர்கள். அந்த மகிழ்ச்சியில் நமக்குப் பங்கில்லை.